சுவரில் கை வைக்கும் முன் எழுதிக்கொள்ளுங்கள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தின் கறம்பக்குடி வட்டாரத்தில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஓட்டுக் கூரைகளும் ஷீட் கூரைகளும் பறந்தன. அடுத்து வந்த மாதங்களில் ஊர் முழுக்க ஒரே சமயத்தில் கொத்தனாரைத் தேடியது. ஆள் கிடைத்தால் போதும் என்றிருக்கும்போது பேப்பரையும் பேனாவையும் யார் தேடுவார்கள்?

புயல் இல்லாத ஆண்டுகளிலும் அதே அவசரம் வேறு வடிவில் வரத்தான் செய்கிறது. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வீட்டுக்காரர் லீவுக்கு வருவதற்குள் மாடி அறை முடிய வேண்டும். தை பிறந்தால் கல்யாணம், அதற்குள் ஒரு குளியலறை கட்டி வீட்டுக்கும் பெயின்ட் அடித்துவிட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் ஒழுகும் தளத்தில் தட்டோடு பதிக்க வேண்டும். வாசலில் நின்றபடியே "சதுர அடிக்கு இவ்வளவு" என்று பேசி, வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸையும் கொடுத்து வேலையைத் தொடங்கிவிடுகிறோம். லட்சக்கணக்கான ரூபாய் அந்தப் பேச்சை மட்டும் நம்பி நிற்கிறது.

புது வீட்டைவிடப் பழைய வீட்டில் செய்யும் வேலைக்குத்தான் எழுத்து அதிகம் தேவை. காலி மனையில் எல்லாமே கண் முன்னால் இருக்கிறது. பழைய வீட்டில் பூச்சை உரித்த பிறகுதான் உள்ளே செங்கல் உதிர்ந்திருப்பது தெரியும். கழிவறைத் தரையைத் தோண்டிய பிறகுதான் பழைய குழாய் எந்தப் பக்கம் போகிறதென்று தெரியும். மாடி எடுக்கத் தொடங்கிய பிறகு, கீழே உள்ள அஸ்திவாரம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று சந்தேகம் வரும். பேசிய விலையில் சண்டை வருவது குறைவு. பேசாமல் விட்ட வேலையில்தான் வருகிறது. ஆகவே இந்த அத்தியாயத்தில் விலை பேசுவதைப் பற்றிக் கொஞ்சமாகவும், கூடுதல் வேலையைப் பற்றியும் பணம் கொடுக்கும் முறையைப் பற்றியும் அதிகமாகவும் சொல்கிறேன்.

எழுதக் கேட்டால் கோபித்துக்கொள்வாரா?

நம் பக்கத்தில் கொத்தனார் பெரும்பாலும் தெரிந்தவர். மாமன் முறையோ அண்ணன் முறையோ ஆவார். அப்பா காலத்தில் வீட்டைக் கட்டியவரின் மகனாகவும் இருப்பார். அவரிடம் போய்ப் பத்திரம் எழுதலாமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தை இப்படிக் கடந்துவிடலாம்: "அண்ணே, உங்க மேல நம்பிக்கை இல்லாம கேக்கல. நடுவுல நான் ஒரு திண்ணையச் சேத்துக் கட்டச் சொல்லிட்டு, கடைசில கணக்குல வராதுன்னு சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? உங்களுக்கும்தான் பேப்பர் வேணும்."

இது சமாதானத்துக்காகச் சொல்லும் வார்த்தை இல்லை. ஏமாறுவது வீட்டுக்காரர் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். போகிற போக்கில் ஒரு அலமாரித் தட்டு, ஒரு படி, ஒரு சன்ஷேட் என்று சேர்த்து வாங்கிவிட்டு, கடைசித் தவணையை மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் வீட்டுக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சித்தாளுக்குச் சனிக்கிழமை கூலி கொடுத்தே ஆக வேண்டிய கொத்தனார், அந்தப் பணத்துக்கு வட்டிக்கு வாங்குகிறார். நேர்மையான கொத்தனாருக்கு எழுத்து ஒரு பாதுகாப்பு. பேசியதை எழுதவே மாட்டேன் என்று ஒருவர் பிடிவாதமாக மறுத்தால், அவரிடம் பெரிய வேலையைக் கொடுக்காதீர்கள்.

வாய்ப்பேச்சு செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாயால் பேசிய ஒப்பந்தமும் ஒப்பந்தமே. என்ன பேசினோம் என்று நிரூபிப்பதுதான் கடினம். "டைல்ஸ் ஒட்டுறதும் சேத்துத்தான் பேசினோம்" என்று நீங்களும், "இல்லவே இல்லை" என்று அவரும் சொன்னால், மூன்றாம் மனிதர் எதை வைத்துத் தீர்ப்பு சொல்வார்?

விலைக்குள் என்னென்ன அடங்கும்

முதலில் இது லேபர் கான்ட்ராக்ட்டா, மெட்டீரியலோடு சேர்ந்த முழு கான்ட்ராக்ட்டா என்று எழுதுங்கள். லேபர் என்றால் எம்-சாண்ட், ஜல்லி, சிமென்ட், கம்பி எல்லாம் நீங்கள் வாங்கித் தர வேண்டியவை. அப்போதும் சென்ட்ரிங் பலகை, முட்டு, சாரம், மிக்சர், வைப்ரேட்டர் யாருடைய செலவு என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. மாடி வேலையில் மணலையும் செங்கலையும் மேலே ஏற்றும் கூலி தனியாக ஒரு தொகை ஆகும். இடித்த சுவரின் குப்பையை அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டுவது யார்? டீ, வடை யார் கணக்கு? சிறு விஷயமாகத் தோன்றும். ஆறேழு ஆட்களுக்கு இரண்டு மாதம் வாங்கிக் கொடுத்துப் பார்த்தால் அதன் கனம் தெரியும்.

முழு கான்ட்ராக்ட் என்றால் பொருளின் பெயரை எழுதாமல் விலையை ஒத்துக்கொள்ளாதீர்கள். "நல்ல கம்பி, நல்ல சிமென்ட்" என்பதற்கு ஒரு பொருளும் கிடையாது. சிமென்ட் எந்த பிராண்ட், கம்பி எந்த பிராண்ட், தளத்துக்கு எத்தனை எம்.எம். கம்பி, எத்தனை அங்குல இடைவெளி, தளம் எத்தனை அங்குலக் கனம், டைல்ஸ் சதுர அடி எந்த விலை வரைக்கும், குழாய் எந்தக் கம்பெனி, வயர் எந்தக் கம்பெனி என்று ஒவ்வொன்றும் தாளில் இருக்க வேண்டும். டைல்ஸுக்கு விலை வரம்பு எழுதிவிட்டால், கடையில் அதைவிட உயர்ந்ததை உங்கள் வீட்டுப் பெண்கள் தேர்ந்தெடுத்தாலும் வித்தியாசத்தை யார் தருவது என்ற பேச்சே எழாது.

அடுத்தது அளவு. சதுர அடி விலை பேசும் எல்லோரும் சறுக்கும் இடம் இது. சுவருக்கு வெளிப்புறம் அளப்பதா, உட்புறம் அளப்பதா? சன்ஷேடும் போர்டிகோவும் முழு அளவா, பாதி அளவா, கணக்கிலேயே வராதா? மாடிப்படியையும் அதன் மேல் வரும் ஹெட்ரூமையும் எப்படிச் சேர்ப்பது? கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க் எல்லாம் உள்ளேயா, தனியா? கொத்தனாருக்கு ஒரு வழக்கம் இருக்கும், அடுத்த தெருவில் வேறொன்று இருக்கும். எந்த வழக்கமும் தப்பில்லை. எது என்று எழுதிவிட்டால் போதும். முடிந்தால் ஒரு படம் வரைந்து, நீள அகலத்தை எழுதி, அதிலும் இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

பழைய பொருளை மறந்துவிடாதீர்கள். ஓட்டு வீட்டைப் பிரித்து கான்கிரீட் தளம் போடும்போது தேக்கு உத்திரம், பலாக் கட்டை, பழைய நிலை, கதவு, ஓடு என்று விலையுள்ள சாமான்கள் கீழே இறங்கும். "பிரிக்கும் மரமும் ஓடும் வீட்டுக்காரருக்கே" என்று ஒரு வரி வேண்டும். இல்லாவிட்டால் அவை லாரியில் போன பிறகுதான் ஞாபகம் வரும்.

கூடுதல் வேலை

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

பழைய வீட்டில் எதிர்பாராத வேலை கட்டாயம் வரும். அது கொத்தனாரின் தந்திரம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சுவருக்குள் இருப்பதை அவரும் பார்த்ததில்லை. ஆகவே வராமல் தடுக்கப் பார்ப்பதைவிட, வந்தால் எப்படி முடிவெடுப்பது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். நான் சொல்லும் வரி இது: "ஒப்பந்தத்தில் இல்லாத எந்த வேலையையும், அதன் தொகையையும் அதனால் கூடும் நாட்களையும் எழுதி இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும். அப்படி ஒப்புக்கொள்ளாத வேலைக்குப் பணம் கேட்கக் கூடாது."

ஒவ்வொரு முறையும் பத்திரம் எழுத வேண்டியதில்லை. வாட்ஸ்அப் போதும். உதிர்ந்த சுவரைப் படம் எடுத்து அனுப்பி, "இந்தச் சுவர 8 அடி நீளத்துக்கு இடிச்சுக் கட்டணும், கூலி இவ்வளவு, ரெண்டு நாள் கூடும்" என்று அவர் எழுத, நீங்கள் "சரி, செய்ங்க" என்று பதில் போட்டால் அதுவே எழுத்து. மின்னணு முறையில் செய்யும் ஒப்பந்தத்தைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டப்படி மின்னணுப் பதிவை உரிய சான்றிதழோடு சாட்சியமாக வைக்கலாம். குரல் செய்தியாக அனுப்பாமல் எழுத்தாக அனுப்பச் சொல்லுங்கள்; தேடி எடுப்பது எளிது. போனை மாற்றினால் பழைய செய்திகள் அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில், மனைவியோ அப்பாவோ ஊரில் என்றால், கூடுதல் வேலைக்கு யார் சரி சொல்லலாம் என்பதையும் எழுத வேண்டும். "அக்கா சொன்னாங்க, செஞ்சேன்" என்று கொத்தனாரும், "என்னக் கேக்காம எப்படிச் செஞ்சீங்க" என்று துபாயிலிருந்து அவரும் பேசினால், நடுவில் மாட்டிக்கொள்வது வீட்டில் இருக்கும் பெண்தான். ஊரில் நின்று வேலையைப் பார்ப்பவருக்கே ஒரு தொகை வரை முடிவெடுக்கும் உரிமையைக் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் இருவரும் சேர்ந்து சொல்லலாம்.

சனிக்கிழமைப் பணம்

கட்டுமானப் பணத்தை நிலை நிலையாகக் கொடுக்க வேண்டும் என்று எல்லா வழிகாட்டியும் சொல்லும். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் அரசு தரும் 3.5 லட்சம் ரூபாயும் ஒரேயடியாக வருவதில்லை. வேலை எந்த நிலைக்கு வந்திருக்கிறது என்று பார்த்துத்தான் விடுவிக்கிறார்கள். ஆனால் நம் ஊரில் கொத்தனார் சனிக்கிழமை தோறும் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். லிண்டல் மட்டம் வரும் வரை ஒரு ரூபாயும் கிடையாது என்றால் அவரால் வேலையை ஓட்ட முடியாது. அதனால் வாரா வாரம் கேட்பார், நீங்களும் கொடுப்பீர்கள். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் முக்கால் பங்குப் பணம் போயிருக்கும், வேலை பாதியில் நிற்கும். அதன் பிறகு அவர் இன்னொரு வீட்டில் அட்வான்ஸ் வாங்கி அங்கே போய்விட்டால், உங்கள் கையில் பிடிமானம் எதுவும் இருக்காது.

இரண்டையும் இணைத்துவிடலாம். நிலைகளைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தொகை எழுதுங்கள். வாரப் பணம் கொடுங்கள். ஆனால் ஒரு நிலை முடியும் வரை, அந்த நிலை வரைக்குமான மொத்தத் தொகையை வாரப் பணம் தாண்டக் கூடாது என்று எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, 3,00,000 ரூபாய்க்குப் பேசிய மாடி அறை என்றால்: அட்வான்ஸ் 30,000, லிண்டல் மட்டத்துக்கு 60,000, தளம் கான்கிரீட் போட்டதற்கு 90,000, உள்பூச்சு வெளிப்பூச்சுக்கு 60,000, தரை, குழாய், கதவு முடிந்ததற்கு 30,000, கடைசியாக நிறுத்திவைக்கும் தொகை 30,000. லிண்டல் முடியும் வரை அட்வான்ஸோடு சேர்த்து 90,000-க்கு மேல் எந்தச் சனிக்கிழமையும் போகக் கூடாது. தளம் போடும் வரை 1,80,000.

அந்தக் கடைசி 30,000-ஐப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் ஒழுகுகிறதா என்பது மழை பெய்தால்தான் தெரியும் என்பதால், மழைக்காலம் முடியும் வரை முழுவதையும் வைத்திருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மாசியில் முடித்த வேலைக்குக் கார்த்திகை வரை காக்க வைப்பது கூலி வேலை செய்பவருக்குச் செய்யும் அநியாயம். பாதியை வேலை முடிந்த ஒரு மாதத்தில் கொடுங்கள். மீதிக்குத் தளத்தில் பாத்தி கட்டி இரண்டு மூன்று நாள் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். கீழே ஓதம் தெரியாவிட்டால் அதையும் கொடுத்துவிடுங்கள்.

கொடுப்பதை வங்கி வழியாகவோ ஜிபே வழியாகவோ கொடுத்தால் கணக்கு தானாக நிற்கும். ரொக்கம் என்றால் ஒரு நோட்டு போட்டு, தேதி, தொகை, அவருடைய கையெழுத்து என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் வாங்குங்கள். அவருக்குப் பதில் வந்து வாங்கும் மகனிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

மற்றவை

நாள்: தொடங்கும் தேதி, முடிக்கும் தேதி இரண்டும் வேண்டும். பொங்கல், ஊர்த் திருவிழா, மழை நாட்களைக் கழித்து நியாயமான நாளாக எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. கூரையைத் திறக்கும் வேலையை அதற்குள் நீட்டிக்கொண்டு போகாதீர்கள். தாமதத்துக்கு ஒரு தொகை எழுதலாம். ஆனால் "நாளுக்கு 10,000" என்று மிரட்டலாக எழுதுவதால் பயனில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, எழுதிய தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீட்டை மட்டுமே தரச் சொல்கிறது.

தரம்: கான்கிரீட்டின் ஈரம் காயாமல் சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் விட வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர நெறி. தண்ணீர் விடுவது வீட்டாரா கொத்தனாரா என்று எழுதாவிட்டால், பின்னால் விரிசல் விடும்போது பழி இரு பக்கமும் பந்தாக உருளும். முட்டுகளைப் பிரிக்கும் நாளையும் எழுதுங்கள். தளத்துக்கு 14 நாளுக்குக் குறையாமல் இருக்கட்டும். மேல்மாடி எடுப்பதென்றால் அஸ்திவாரத்தை ஒரு சிவில் இன்ஜினியரிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்கிவிடுங்கள். அதற்காகும் செலவு இந்த வேலையிலேயே மிக மலிவான செலவு.

அனுமதி: பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ வரைபட அனுமதி வாங்குவது வீட்டுக்காரரின் பொறுப்பு. 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது.

விபத்து: சாரத்திலிருந்து விழுவதும், மாடிக்குப் பக்கத்தில் போகும் மின்கம்பியில் கம்பி படுவதும் உயிரைக் குடிக்கும் ஆபத்துகள். பாதுகாப்புச் சாதனங்கள் கொண்டுவருவது கொத்தனாரின் பொறுப்பு என்று எழுதுங்கள். வேலையாட்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்து அட்டை வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பதியச் சொல்லுங்கள். விபத்து நேர்ந்தால் அவர்கள் குடும்பத்துக்கு வாரியம் உதவித்தொகை தருகிறது. எந்த வரியை எழுதினாலும், ஆபத்தான இடத்தில் ஆளை ஏற்றிவிட்டுப் பேசாமல் இருக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது.

பின்னால் வரும் பழுது: அடுக்குமாடி வீட்டை விற்பவர், கட்டட அமைப்பில் வரும் குறையை 5 ஆண்டு வரை தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம். உங்கள் வீட்டில் வேலை செய்யும் கொத்தனாரை அந்தச் சட்டம் தொடாது. ஆகவே நீங்களாகத்தான் எழுத வேண்டும்: ஒழுகல், ஓதம், விரிசல் வந்தால் ஓராண்டுக்குள் கூலி வாங்காமல் சரிசெய்து தருவது என்று.

பாதியில் நின்றால்: காரணம் சொல்லாமல் தொடர்ந்து 10 நாள் ஆள் வராவிட்டால் எழுத்தில் அறிவித்துவிட்டு, இருவர் முன்னிலையில் ஓர் இன்ஜினியரை வைத்து முடிந்த வேலையை அளந்து கணக்கு முடித்து, வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கட்டும். வீட்டுக்காரர் பணம் தராமல் இழுத்தால் கொத்தனார் வேலையை நிறுத்தலாம் என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள்.

எழுதும் முறை

வக்கீல் தமிழ் வேண்டாம். இப்படித் தொடங்கினால் போதும்: "கறம்பக்குடி ....... தெருவில் குடியிருக்கும் ....... (வீட்டுக்காரர்), ....... ஊரில் குடியிருக்கும் ....... (கட்டுநர்) ஆகிய நாங்கள் இருவரும் ....... தேதியில் மனதாரச் சம்மதித்து எழுதிக்கொண்ட கட்டட வேலை ஒப்பந்தம். மேற்படி முகவரியில் உள்ள வீட்டின் முதல் மாடியில், இத்துடன் இணைத்த படத்தில் உள்ளபடி 20 அடி நீளம் 15 அடி அகலத்தில் ஓர் அறையைக் கட்டுநர் தன் பொருளாலும் தன் ஆட்களாலும் கட்டி முடித்துத் தர வேண்டியது. இதற்கு மொத்தத் தொகை ரூ. 3,00,000 (மூன்று லட்சம் ரூபாய் மட்டும்)." பிறகு மேலே சொன்னவற்றை எண் போட்டு எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் கையெழுத்து; கடைசியில் இரண்டு சாட்சி. இரண்டு பிரதி எடுத்து ஆளுக்கொன்று. படிக்கத் தெரியாதவர் என்றால் அவர் நம்பும் ஒருவரை வைத்துப் படித்துக் காட்டுங்கள். அவரையே சாட்சியாகவும் போடுங்கள்.

இந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. முத்திரைத்தாளில் எழுதுவது நல்லது. வெள்ளைத்தாளில் எழுதினாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஆனால் நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டும் முன் முத்திரைக் கட்டணத்தோடு அபராதமும் கட்டச் சொல்வார்கள். அன்றைக்கு நடப்பில் உள்ள மதிப்புக்கு முத்திரைத்தாள் விற்பவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை தொடங்கும் முன் வீட்டை எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டுச் சுவரையும் சேர்த்து. அதில் ஏற்கெனவே இருக்கும் விரிசலுக்கு நீங்கள் பொறுப்பாகாமல் இருக்க அது உதவும்.

தகராறு வந்துவிட்டால்

முதலில் இருவரும் தாளை எடுத்து வைத்துப் படியுங்கள். பெரும்பாலான சண்டை அங்கேயே முடியும். முடியாவிட்டால் காவல் நிலையத்துக்கு ஓடுவதால் பெரிய பலன் இல்லை. வேலை முடிக்காதது சிவில் விவகாரம் என்றுதான் சொல்வார்கள். உங்களுக்கான இடம் புதுக்கோட்டையில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில் 1993-ல் உச்ச நீதிமன்றம், வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தில் வரும் சேவையே என்று சொன்னது. இப்போதைய 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் சேவை என்பதற்குத் தரும் விளக்கத்தில் வீடு கட்டுவதைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஒன்றைக் கவனியுங்கள். தினக்கூலிக்கு ஆள் வைத்து நீங்களே நின்று வேலை வாங்கினால், அது தனிப்பட்ட ஊழியம், சேவையில் வராது என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் உண்டு. குறித்த வேலையைக் குறித்த தொகைக்கு முடித்துத் தருவதாக எழுதியிருந்தால் அந்த வாதம் நிற்காது.

பணம் வராத கொத்தனார் சிவில் நீதிமன்றம் போகலாம். இருவருக்குமே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சமரசம் வேகமான வழி. அதன் உதவி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி அங்கே உண்டு. கணவர் வெளிநாட்டில் இருக்க வேலையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இதைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். அதற்குத் தோதாக, ஒப்பந்தத்தில் அவர்களும் ஒரு தரப்பாகக் கையெழுத்துப் போட்டிருப்பது நல்லது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகக் காலக்கெடு 2 ஆண்டு; சிவில் வழக்குக்கு 3 ஆண்டு. அதுவரை ஒப்பந்தப் பிரதி, சனிக்கிழமை நோட்டு, வங்கி ரசீது, கடை பில், படங்கள் எல்லாவற்றையும் வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டியிலேயே வைத்திருங்கள்.